சுவரோரம் நிற்பவர் தொடக் கூடாது

இந்தக் காலத்தில் யாருக்கும் ஒரு வேலையில் நிலையாக நிற்கத் தெரிவதில்லை. பக்கத்துப் பண்ணைக்காரன் மகன் வெல்டிங் கற்றான், விட்டான். தேனீ வளர்த்தான், அதையும் விட்டான். இப்போது பட்டணத்தில் ஜனங்களுக்கு மூச்சு விடக் கற்றுத் தருகிறானாம். அதற்கும் ஆள் வருகிறதாம். நான் முப்பத்தொரு வருஷம் ஒரே பன்றி வெட்டும் ஆலையில், ஒரே வரிசையில், ஒரே இடத்தில் நின்றவன். என் பூட்ஸ் பட்டு அந்த இடத்தில் சிமெண்ட் தேய்ந்திருந்தது. பிடித்ததா பிடிக்கவில்லையா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. என் மகள் டானெலுக்கு முப்பத்தேழு வயது. போன அக்டோபரில் ஒரு நாள் காலை, நான் முட்டை தின்கிற மேசை முழுக்கத் தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, தான் டாக்டருக்குப் படிக்க விண்ணப்பம் போடுவதாகச் சொன்னாள். தட்டை எங்கே வைப்பது என்று கேட்டேன். ஒரு தாளை நகர்த்தி இடம் கொடுத்தாள், அவ்வளவுதான்.

அதுவும் ஆஸ்டியோபதி டாக்டர். எங்கள் மிசௌரிப் பக்கத்தில் இரண்டு வகை டாக்டர்கள் உண்டு. இருவரும் மருந்து எழுதுவார்கள், ஊசி போடுவார்கள், அறுப்பார்கள். ஆனால் இந்த வகையினர் அதோடு நிற்காமல் நோயாளியின் முதுகையும் கழுத்தையும் கையாலேயே தடவி, எங்கே இறுகியிருக்கிறது என்று கண்டுபிடித்து, நெட்டி முறித்துச் சரி செய்வதாகச் சொல்வார்கள். என் அப்பா அவர்களைப் புழுகர்கள் என்பார். சொல்லிக்கொண்டே அவர்களிடம்தான் போவார். நானும் அப்படியே. ஆலை என் இடுப்பைத் தின்றுவிட்டது. அரைமணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. மாதம் ஒரு வியாழக்கிழமை டாக்டர் வோகலிடம் போய்ப் படுப்பேன். எங்கள் மாவட்டத்திலேயே அந்த வகை டாக்டர் அந்தம்மா ஒருத்திதான்.

டானெல் பதினான்கு வருஷமாக ஒரு மாட்டு டாக்டரிடம் வேலை செய்கிறாள். முக்கால்வாசி வேலை சினை பார்ப்பது. தோள்வரை பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு, பசுவின் பின்பக்கமாகக் கையை விட்டு, கண்ணை எங்கோ வானத்தில் நிறுத்திக்கொண்டு, "நாலு மாசம்", "காலி", "அஞ்சரை" என்று சொல்லுவாள். ஒரு பகலில் இருநூறு மாடு. தப்பு மிகவும் குறைவு. ஒருமுறை எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். கருப்பைக்குப் போகிற ரத்தக்குழாய் சினை ஆனதும் துடிப்பதை விட்டுவிட்டு விரலடியில் சலசலக்கத் தொடங்கும், ஓடையில் கை வைத்தமாதிரி இருக்கும் என்றாள். அந்தக் கையை வைத்துக்கொண்டு மனிதர்களிடம் போக வேண்டும் என்று எப்போது தோன்றியது என்று நான் கேட்கவில்லை. புருஷனை விட்டுவிட்டு என் வீட்டுக்குத் திரும்பி வந்த வருஷமே மாலை வகுப்பில் சேர்ந்துவிட்டாள். ஆறு வருஷம் பிடித்தது. நுழைவுத் தேர்வும் எழுதிவிட்டாள். அந்த மதிப்பெண் இந்த வருஷத்தோடு செல்லாமல் போகும். மீதி இருந்தது ஒரே ஒரு கடிதம். ஆஸ்டியோபதி டாக்டர் ஒருவருடன் கூடவே ஐம்பது மணி நேரம் நின்று பார்த்து, அவரிடம் சிபாரிசு வாங்க வேண்டும். வோகலம்மாவிடம் முப்பத்தெட்டு மணி நேரம் நின்றிருந்தாள்.

"வியாழக்கிழமை உன் முறை வருது. நான் சுவரோரமா நிப்பேன். உனக்கு இஷ்டமில்லன்னா நர்ஸ்கிட்ட சொல்லு, வெளிய போயிடறேன்" என்றாள்.

"உன் பின்பக்கம் துடைச்சு விட்டவன் நான். என் முதுகைப் பாக்க உனக்கு அனுமதி வேணுமா?"

"நீ எங்க துடைச்ச? எல்லாம் அம்மாதான்."

அது உண்மை. பேச்சை மாற்றினேன். "எல்லாம் படிச்சு முடிக்கிறப்ப உனக்கு என்ன வயசு?"

"எனக்கு நாப்பத்தஞ்சு. உனக்கு எண்பத்திரெண்டு. மொத நோயாளி நீதான், இப்பவே பேரு குடுத்து வச்சுக்கோ."

"நம்ம பட்டியில நிக்கிற நாப்பது மாட்டை யாரு பாக்கறது?"

அவள் தாள்களை அடுக்கத் தொடங்கினாள். நான் எழுந்து ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தேன். இடுப்புக்காகத்தான் நடந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை நர்ஸ் ஒரு தாளை நீட்டினாள். எழுத்தென்றால் எனக்குக் கொஞ்சம் தூரம், எட்டாம் வகுப்போடு நின்றவன். அது தெரிந்தோ என்னவோ வாயாலும் சொன்னாள். "உங்க மகள் இன்னிக்குப் பாப்பாங்க, கேப்பாங்க. தொட மாட்டாங்க. சம்மதமா மிஸ்டர் கூட்ஸ்?" சம்மதம் என்று கையெழுத்துப் போட்டேன். அப்புறம், வலி ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்றாள். ஆறு என்றேன். எப்போதும் ஆறுதான் சொல்வேன். ஏழு சொன்னால் மாத்திரையைக் கூட்டுவார்கள், ஐந்து சொன்னால் வராதே என்பார்கள்.

டானெல் ஆஸ்பத்திரிக் கோட்டு மாட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள். இரண்டு கையையும் பின்னால் கட்டி, ஒரு கையால் மற்றதைப் பிடித்துக்கொண்டிருந்தாள், அது தப்பி ஓடிவிடும் என்பது மாதிரி. வோகலம்மாவுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். கட்டையான உடம்பு, அகலமான கை. என்னைக் குப்புறப் படுக்க வைத்து முதுகெலும்பின் இரண்டு ஓரமும் கட்டை விரலால் இறங்கிக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் நின்று, "இங்கதான் மாட்டிக்கிட்டிருக்கு" என்றாள். மூச்சை இழுக்கச் சொல்லி, விடச் சொல்லி, விடுகிறபோது அமுக்கினாள். எங்கோ ஒரு எலும்பு சொடக்கென்றது. அப்புறம் மல்லாக்கப் போட்டு ஒரு காலைத் தூக்கி மடக்கி நீட்டினாள். எப்போதும்போல உடம்பு லேசானது. அது அவள் கையாலா, அரைமணி நேரம் சும்மா கிடந்ததாலா, யார் கண்டது. அதற்குள் பக்கத்து அறையில் மணிக்கட்டு முறிந்த ஒரு பிள்ளை வந்திருப்பதாக நர்ஸ் கூப்பிட்டாள்.

"பத்து நிமிஷம், ஹார்லன். இப்படியே படுங்க. டானெல், உங்கப்பாவை எழுந்திரிக்க விடாதே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சும்மா படுத்திருப்பது எனக்கு ஆகாத காரியம். கூரையில் இருந்த ஓட்டைகளை எண்ணினேன். கால் விரலை ஆட்டினேன். பிறகு வாய் சும்மா இருக்கவில்லை.

"அந்தம்மா பண்ணினதெல்லாம் பாத்தியே. என்ன தெரிஞ்சுது?"

"பாத்தா ஒண்ணும் தெரியாதுப்பா. கைக்குத்தான் தெரியும்."

"அப்ப வந்து கை வையி."

"கூடாது."

"மாட்டுக்குள்ள தோள்வரைக்கும் கையை விடறவ, அப்பன் மேல கை வைக்க நடுங்கறா."

"நடுங்கல. கூடாதுன்னு இருக்கு."

"ஏன்னா அங்க ஒண்ணும் இல்ல. தொட்டா குட்டு உடைஞ்சிடும். அவளுக்கும் ஒண்ணும் தெரியாது, உனக்கும் தெரியாது. இந்த ஏமாத்து வேலைக்கு எட்டு வருஷம் படிக்கப் போறாளாம்."

அவள் அசையவில்லை. நர்ஸ் சொன்ன வார்த்தை என் காதில் இருந்தது. இருந்தும் விடவில்லை. தெரிந்தே கெடுக்கப் பார்த்தேனா என்று யாராவது கேட்டால், இல்லை என்று உடனே சொல்ல என்னால் முடியாது.

"பதினாலு வருஷமா மாட்டைத் தடவின கை. ஒரு கிழவனைப் பாத்து ஓடுது" என்றேன்.

சுவரை விட்டு வந்தாள். கை கழுவினாள். ஒன்றோடொன்று தேய்த்துச் சூடாக்கினாள். நான் மல்லாந்து கிடந்ததால் முதுகுக்குப் போக வழியில்லை. இடுப்பு வலிக்கு உள்தசையை முன்பக்கமாகவும் பார்ப்பார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே தொப்புளுக்குப் பக்கத்தில் விரல்களை வைத்து மெல்ல உள்ளே இறக்கினாள். வலிக்கவில்லை. அவள் கண் மேலே போய் நின்றது. மாட்டுப் பட்டியில் போகிற அதே பார்வை.

"எத்தனை மாசம்?" என்றேன்.

சிரிக்கவில்லை. "பேசாதே" என்றாள். இரண்டாவது கையையும் வைத்தாள். இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை. ஒவ்வொரு துடிப்புக்கும் இரண்டு கையும் ஒன்றை விட்டு ஒன்று விலகி விலகி மூடுவதை நானே தலையைத் தூக்கிப் பார்த்தேன். அங்கே துடிக்கிற பெரிய ரத்தக்குழாயை எனக்குத் தெரியும். முதுகெலும்பை ஒட்டிக்கொண்டு இறங்கும். முப்பத்தொரு வருஷம் பன்றி பன்றியாக அதை உரித்து எறிந்திருக்கிறேன். என் வரிசையில் நின்ற ஒருவன் மத்தியானச் சாப்பாட்டின்போது, வாயில் வைத்த ரொட்டியைக் கடிக்காமலே மேசையில் சாய்ந்தான். அந்தக் குழாய் உப்பி வெடித்துவிட்டது என்று அப்புறம் சொன்னார்கள்.

"மூணு விரல் அகலம் இருக்குப்பா. இவ்வளவு இருக்கக் கூடாது."

"மாட்டுக்கா, மனுஷனுக்கா?"

"எப்பலேர்ந்து இப்படித் துடிக்குது?"

"நான் என்ன தினமும் வயித்தைத் தடவிப் பாத்துக்கிட்டா இருக்கேன்?"

அவள் கையை எடுத்தாள். கதவைப் பார்த்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இவள் போய்ச் சொல்லுவாள். சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள்.

"இந்தா பாரு. நான் சொல்லிக்கிறேன். வயித்துல ஏதோ துடிக்குது டாக்டரம்மா, பாருங்கன்னு நானே கேக்கறேன். நீ சுவத்துக்கிட்ட போ. கையைக் கட்டிக்கோ. வாயைத் திறக்காதே."

நல்ல பொய். யாருக்கும் நஷ்டமில்லாத பொய். அந்தம்மா பார்ப்பாள், இருந்தால் தெரியும், கடிதமும் தப்பிக்கும். டானெல் உண்மையிலேயே சுவருக்குப் போனாள், கையைக் கட்டினாள். சரி, புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன். கதவு திறந்தது. "டாக்டரம்மா, இந்த வயித்துல" என்று ஆரம்பித்தேன். அதற்குள் சுவரோரத்திலிருந்து குரல் வந்தது.

"நான் தொட்டேன் டாக்டர். தொப்புளுக்கு மேல, இடது பக்கம். துடிப்பு மேல மட்டும் வரல, பக்கவாட்டுல விரியுது. மூணு விரல் இருக்கும்."

வோகலம்மா என் பக்கம் வந்து கையை வைத்தாள். நெடுநேரம் வைத்திருந்தாள். கையை எடுத்து, சுவரில் இருந்த போனை எடுத்து, ஸ்கேன் அறையில் இப்போதே இடம் வேண்டும் என்றாள். போனை வைத்தபின், "டானெல், கோட்டைக் கழட்டி மாட்டிட்டு வெளிய காத்திரு. நாளைக்கு வர வேண்டாம்" என்றாள்.

"நான்தான் கூப்பிட்டேன்" என்றேன்.

"இருக்கும். கை அவளோடதுதானே?"

டானெல் அந்தம்மா பக்கத்தில் போய்த் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. கோட்டை ஆணியில் மாட்டிவிட்டுப் போனாள்.

ஸ்கேன் எடுத்தவன் வயிற்றில் குளிர்ந்த பசையைப் பூசி, கருவியை உருட்டி உருட்டித் திரையைப் பார்த்தான். என்ன தெரிகிறது என்றேன். டாக்டர் சொல்வார் என்றான். அவனுக்கும் தெரியும், சொல்லத்தான் மாட்டான். இப்போதெல்லாம் எல்லோருக்கும் சொல்லக் கூடாதது ஒன்று இருக்கிறது. அதன்பின் முக்கால் மணி நேரம் அந்த நடைபாதையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். கையை வயிற்றில் வைத்துப் பார்த்தேன். துடித்தது. எடுத்தேன். மறுபடி வைத்தேன். செத்தால் மாடுகளை யார் பார்ப்பது என்று யோசித்தேன். இவள் கல்லூரிக்குப் போகாவிட்டால் இவள் பார்ப்பாள் என்று தோன்றியது. தோன்றியதற்காக என் மேலேயே கோபம் வந்தது.

வோகலம்மா தாளோடு வந்தாள். "ஒண்ணும் இல்ல ஹார்லன். ரத்தக்குழாய் ரெண்டு செண்டிமீட்டர்தான். எல்லாருக்கும் இருக்கிற அளவு. உங்க முதுகெலும்பு முன்பக்கமா வளைஞ்சு அதைத் தூக்கிப் பிடிச்சிருக்கு. வயித்துல கொழுப்பும் கிடையாது. அதான் அப்படித் தெரியுது."

"அப்ப அவ சொன்னது தப்பு."

"தப்பு. எனக்கும் அகலமாத்தான் தெரிஞ்சுது."

"அப்ப ரெண்டு பேரும் தப்பு."

"ஆமா. சந்தேகம் வந்தா ஸ்கேனுக்கு அனுப்பணும். அதுக்குத்தான் அது இருக்கு."

நாற்பது வருஷமாகக் கையை நம்பச் சொல்லிவிட்டு இப்போது மெஷினைக் காட்டுகிறாள். அதை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டு, கடிதம் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"எழுதுவேன். முப்பத்தெட்டு மணி நேரத்துக்கு எழுதித் தர்றேன். இனிமே இங்க நிக்க முடியாது. அது ஆஸ்பத்திரி விதி."

"இன்னிக்கு நடந்ததையுமா எழுதுவீங்க?"

"அவளே கேட்டுக்கிட்டா. போறப்ப அதைத்தான் சொன்னா. எழுதறதா இருந்தா இதையும் எழுதுங்க, இல்லன்னா எழுதவே வேண்டாம்னு."

எனக்கு நிற்க முடியவில்லை. உட்காரவும் முடியவில்லை. "நான்தான் கேலி பண்ணிக் கூப்பிட்டேன்னு எழுதுங்க. கையெழுத்து வேணும்னா போடறேன்."

"எழுதலாம். ஆனா அதுல அவளுக்கு லாபம் இல்ல. யாராவது கேலி பண்ணினா விதியை மீறுவான்னு ஆகிடும்."

"அப்ப என் பேரை எழுதாம விட்டுடுங்க."

"அப்ப அவளாவே மீறினான்னு ஆகும்."

எந்தப் பக்கம் திரும்பினாலும் முள்வேலி. "இதைப் படிச்சுட்டு எந்தக் காலேஜ் அவளை எடுக்கும்?"

"தெரியல" என்றாள். மழுப்பவில்லை. முதுகை அமுக்கும்போதாவது எல்லாம் தெரிந்தமாதிரி பேசுவாள்.

பிக்கப் வண்டியில் டானெல் இருந்தாள். இஞ்சினை அணைக்கவில்லை. ஏறி உட்கார்ந்து, ஒன்றும் இல்லையாம் என்றேன். கண்ணை மூடி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தாள். முதுகு ஏறி இறங்கியது. வண்டியை எடுத்து நெடுஞ்சாலைக்கு வந்தாள். வந்ததும் ஒரு கையைத் தூக்கி, விரல்களை அகட்டி, அந்த அகலத்தைப் பார்த்தாள்.

"மூணு விரல் இருந்துச்சே."

"இல்ல. ரெண்டு செண்டிமீட்டராம். முதுகெலும்பு தூக்கிப் பிடிச்சிருக்காம். அந்தம்மாவுக்கும் அப்படித்தான் தெரிஞ்சுதாம்."

"அவங்களுக்குமா? அவங்களே சொன்னாங்களா?"

முகத்தில் ஏதோ ஏறியது. அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்தோ பொத்துக்கொண்டு வந்தது. "இதுல பூரிக்க என்ன இருக்கு? ரெண்டு பேரும் தப்பு! நான் கச்சிதமா ஒரு பொய் வச்சிருந்தேன். அதைச் சொல்லி முடிக்க விட்டியா? இருந்தாலும் தெரிஞ்சிருக்கும், இல்லன்னாலும் தெரிஞ்சிருக்கும். லெட்டர் முழுசா வந்திருக்கும்."

"உன் வாயால சொன்னா, வயித்துவலின்னு மாத்திரை எழுதிட்டு விட்டிருந்தா?"

"விட்டிருந்தா விட்டிருந்தா. இல்லாத ஒண்ணுக்குத்தானே!"

"அப்ப அது இல்லன்னு எனக்குத் தெரியாதேப்பா."

"சரி, தொட்டதைச் சொன்ன, தொலையட்டும். அதை லெட்டர்ல எழுதச் சொல்லி எதுக்கு வாங்கிக் கட்டிக்கிட்ட? யாரு கேட்டா?"

"நாளைக்கு நான் ஒருத்தரைத் தொட்டுட்டு இதுதான்னு சொன்னா, அவங்க நம்பணும்ல?"

"வண்டியை நிறுத்து."

"என்னப்பா?"

"இடுப்பு பிடிக்குது. நிறுத்து."

இறங்கினேன். இடுப்பு பிடிக்கத்தான் செய்தது. ஆனால் அதற்காக இறங்கவில்லை. நம்புவதாம். முப்பத்தொரு வருஷம் வரிசையில் நின்றேன், மேலே இருந்தவன் எவனும் தான் செய்த தப்பை எழுதிக் கொடுத்ததில்லை. எங்களில் எழுதிக் கொடுத்தவனுக்கு மறுநாள் வேலை இல்லை. இவள் மட்டும் எழுதிக் கொடுத்து உள்ளே போய்விடுவாளாம். கல்லூரிக்காரர்கள் படித்துவிட்டு மெச்சிக்கொள்வார்களாம். சாலையோரச் சரளைக்கல்லில் நடக்கத் தொடங்கினேன்.

வண்டி பின்னால் ஊர்ந்து வந்தது. ஜன்னலிலிருந்து தலையை நீட்டி, "ஏறுப்பா. இன்னும் நாலு மைல் இருக்கு" என்றாள்.

"இருக்கட்டும்."

"வயித்துல ஒண்ணும் இல்லன்னதும் திமிர் ஏறிடுச்சு."

திரும்பவில்லை. அவள் எச்சரிக்கை விளக்குகளைப் போட்டுக்கொண்டு என் நடைக்கே வந்தாள். கொஞ்ச தூரத்தில் பின்னால் பெரிய சத்தம் கேட்டது. சோயா அறுக்கிற இயந்திரம், சாலையை அடைத்துக்கொண்டு, மேலே மஞ்சள் விளக்குச் சுழல வந்து, இவள் வண்டிக்குப் பின்னால் வேகத்தைக் குறைத்தது. அதற்குப் பின்னால் ஒரு கார். அதற்குப் பின்னால் பால் லாரி. மேடாகையால் யாராலும் முந்த முடியவில்லை. அத்தனையும் என் கால் போகிற வேகத்தில், விளக்குகளைப் போட்டுக்கொண்டு, வரிசையாக ஊர்ந்தன.

மேட்டின் மேலிருந்து எதிரே ஒரு லாரி இறங்கி வந்தது. எங்களைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டி நின்றது. ஓட்டி வந்தவன் கீழே இறங்கினான். எனக்குத் தெரியாத ஆள். எங்கள் பக்கத்தில் பிண ஊர்வலம் இப்படித்தான் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து போகும்; அதுதான் போகிறது என்று நினைத்திருக்க வேண்டும். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்து, தலையைக் குனிந்துகொண்டான். அப்படி ஒன்றும் இல்லை, நீ போ என்று அவனுக்குக் கையைக் காட்டினேன். அவன் அதற்கும் தலையை இன்னும் தாழ்த்தினான். நான் அவனைக் கடந்து நடந்தேன்.